ஸ்டீம் நிறுவப் போய் டெஸ்க்டாப் போன கதை: ஆப்ட் கருவி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

2021 நவம்பரில் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் கூடிய இடங்களிலெல்லாம், ஸ்டீம் நிறுவப் போன ஒருவர் டெஸ்க்டாப்பையே இழந்ததுதான் பேச்சாக இருந்தது. கனடாவைச் சேர்ந்த லைனஸ் செபாஸ்டியன், ஒரு கோடிக்கும் மேற்பட்ட சந்தாதாரர்கள் உள்ள 'லைனஸ் டெக் டிப்ஸ்' யூடியூப் சேனலை நடத்துபவர். (பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை எழுதிய லைனஸ் டோர்வால்ட்ஸ் வேறு ஆள்.) இவரும் உடன் பணிபுரியும் லூக் லாஃப்ரெனியரும் ஒரு பந்தயம் கட்டினார்கள். வீட்டுக் கணினியில் விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸிலேயே காலம் தள்ள வேண்டும், விளையாட்டுகள் உட்பட. லினக்ஸில் பல வகைகள் உண்டு. லூக் லினக்ஸ் மின்ட்டை எடுத்துக்கொண்டார். லைனஸ் பாப் ஓஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார். அது அமெரிக்காவின் டென்வர் நகரில் லினக்ஸ் கணினிகள் தயாரித்து விற்கும் சிஸ்டம்76 நிறுவனம், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையை அடித்தளமாக வைத்து உருவாக்கும் இயங்குதளம். விளையாடுபவர்களுக்கு ஏற்றது என்று அப்போது பலரும் கைகாட்டியது அதைத்தான்.

நிறுவி முடித்ததும் அவர் செய்யப் போனது, விளையாட விரும்பும் யாரும் முதலில் செய்வதுதான்: கணினி விளையாட்டுகளை வாங்கி ஆட உதவும் ஸ்டீம் என்ற நிரலை நிறுவுவது. பாப் ஷாப் என்ற மென்பொருள் கடையைத் திறந்து ஸ்டீமைத் தேடி நிறுவு பொத்தானை அழுத்தினார். பிழைச் செய்தி வந்தது. சரி, இணையத்தில் தேடுவோம் என்று தேடினார். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில், மென்பொருட்களை நிறுவவும் நீக்கவும் பயன்படும் ஆப்ட் என்ற கருவிக்குக் கட்டளை கொடுத்து நிறுவச் சொல்லியிருந்தார்கள். அதையும் கொடுத்தார்.

நிற்க வேண்டிய இடம் இதுதான். திரையில் என்ன வந்தது என்று பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் பேக்கேஜ் பட்டியலைப் படிப்பதாகச் சில வரிகள். (பேக்கேஜ் என்பது ஒரு மென்பொருளின் கோப்புகளைக் கட்டி வைத்த பொட்டலம்.) அப்புறம் கூடுதலாக நிறுவப்படவிருக்கும் பேக்கேஜ்களின் பெயர்கள், பத்தி பத்தியாக. அதே எழுத்தில், அதே நிறத்தில், நீக்கப்படவிருக்கும் பேக்கேஜ்களின் பெயர்கள். அதற்கும் கீழே ஓர் எச்சரிக்கை: பின்வரும் இன்றியமையாத பேக்கேஜ்கள் நீக்கப்படும், என்ன செய்கிறீர்கள் என்று துல்லியமாகத் தெரிந்தாலொழிய இதைச் செய்யக் கூடாது. அந்தப் பட்டியலில் 'பாப் டெஸ்க்டாப்' என்ற பெயரும் இருந்தது. கடைசியாக, தீங்கு விளைவிக்கக்கூடிய ஒன்றைச் செய்யப் போகிறீர்கள், தொடர வேண்டுமானால் இந்த வாசகத்தைத் தட்டச்சு செய்யுங்கள் என்றது: 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' அதாவது, ஆம், நான் சொன்னபடி செய்!

அவர் ஆச்சரியக்குறியோடு சேர்த்துத் தட்டச்சு செய்தார். ஆப்ட் சொன்னபடி செய்தது. வரைகலைச் சூழல் முழுவதும் போய்விட்டது. மீண்டும் தொடங்கியபோது கறுப்புத் திரையில் பயனர் பெயர் கேட்கும் ஒரு வரி மட்டும் மிஞ்சியிருந்தது. அவர் பாப் ஓஎஸ்ஸைக் கைவிட்டு மஞ்சாரோ என்ற வேறொரு லினக்ஸுக்கு மாறிவிட்டார்.

காணொளி வெளியானதும் இரண்டு கட்சிகள் உருவாயின. 'இவ்வளவு தெளிவாக எச்சரித்தும் படிக்காமல் ஆமாம் போட்டால் யார் குற்றம்?' என்றது ஒன்று. 'ஸ்டீம் நிறுவச் சொன்னால் டெஸ்க்டாப்பைத் தூக்குகிற கருவியை என்னவென்று சொல்வது?' என்றது மற்றொன்று. நான் முதல் கட்சியில்தான் இருந்தேன். அப்புறம் ஆப்ட் உள்ளே எப்படி முடிவெடுக்கிறது என்று தேடிப் படிக்கப் போய்க் கட்சி மாறினேன். எதைப் படித்தபோது மாறினேன் என்பதுதான் கீழே உள்ளது.

எங்கே தொடங்கியது

ஸ்டீம் இன்றைய 64 பிட் கணினியில் ஓடினாலும், அன்று அது 32 பிட் லைப்ரரிகளை, அதாவது பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணை நிரல்களை, கேட்கும் நிரல். அந்த 32 பிட் வகைக்கு, டெபியனும் அதிலிருந்து வந்த உபுண்டுவும் சேர்ந்த குடும்பத்தில் ஐ386 என்று பெயர். 64 பிட்டுக்கு ஏஎம்டி64. ஒரே கணினியில் இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ள ஒரு ஏற்பாடு உண்டு, அதை மல்டிஆர்ச் என்பார்கள். அதில் ஒரு கண்டிப்பான விதி இருக்கிறது. ஒரு லைப்ரரியின் இரண்டு வகைகளும் சேர்ந்து நிறுவப்பட வேண்டுமென்றால் இரண்டும் அச்சு அசலாக ஒரே பதிப்பு எண்ணில் இருக்க வேண்டும். ஒரு புள்ளி வித்தியாசம் இருந்தாலும் சேர விடாது.

ஐ386 ஏற்கெனவே அரைகுறையாக உயிரோடு இருந்த வகை. 2019 ஜூனில் உபுண்டுவின் தாய் நிறுவனமான கனோனிக்கல், அடுத்த வெளியீடான 19.10 முதல் ஐ386 பேக்கேஜ்களையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. ஸ்டீமை நடத்தும் வால்வ் தரப்பிலிருந்து, அப்படியானால் அந்த வெளியீட்டை நாங்கள் ஆதரிக்கப் போவதில்லை என்று பதில் வந்தது. சில நாட்களிலேயே கனோனிக்கல் இறங்கி வந்து, தேர்ந்தெடுத்த ஐ386 லைப்ரரிகளை மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொன்னது. அன்றிலிருந்து உபுண்டுவில் 32 பிட் என்பது முழுக் குடும்பம் காலி செய்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் இரண்டு பேர் மாதிரிதான்.

பாப் ஓஎஸ் உபுண்டுவின் களஞ்சியத்தை, அதாவது பேக்கேஜ்களின் இணையக் கிடங்கை, எடுத்துக்கொண்டு, அதில் சில பேக்கேஜ்களை மட்டும் தன் திருத்தங்களோடு புதிய பதிப்பாக வெளியிடும். அந்தத் தயாரிப்பு கனோனிக்கலின் லாஞ்ச்பேட் தளத்தில் நடந்தது. அப்படி ஒரு பேக்கேஜைப் புதுப்பித்தபோது ஏஎம்டி64 வகை வெளியானது, ஐ386 வகை வெளியாகவே இல்லை. சிஸ்டம்76 பொறியாளர் ஜெரமி சோலர் பின்னர் கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான்: ஐ386 வகை லாஞ்ச்பேட்டில் வெளியாகாததால், ஸ்டீமை நிறுவும்போது ஆப்ட் அந்த பேக்கேஜை உபுண்டுவின் பழைய பதிப்புக்கு இறக்கப் பார்த்தது, அப்படி இறக்கும்போது பாப் ஓஎஸ்ஸின் பேக்கேஜ்கள் கழன்றன.

சங்கிலியைப் பின்னாலிருந்து பிடித்துப் பார்த்தால் புரிந்துவிடும். ஸ்டீமுக்கு ஐ386 லைப்ரரி வேண்டும். கிடைப்பது உபுண்டுவின் பழைய பதிப்பு மட்டும். இரண்டு வகையும் ஒரே பதிப்பில் இருந்தாக வேண்டும். ஆகவே 64 பிட் வகையும் பழையதற்கு இறங்க வேண்டும். புதிய பதிப்பை நம்பியிருந்தவை இனி நிற்க முடியாது. அவற்றை நம்பியிருந்தது டெஸ்க்டாப். ஒவ்வொரு படியும் நியாயமானது. கூட்டுத்தொகைதான் அநியாயம்.

கோளாறு கண்டுபிடிக்கப்பட்டு விரைவிலேயே சரிசெய்யப்பட்டது. காணொளியைப் பார்த்துவிட்டு முயன்று பார்த்தவர்களுக்கு ஸ்டீம் ஒழுங்காகவே நிறுவப்பட்டது, 'எனக்கு வேலை செய்கிறதே' என்று எழுதினார்கள். அவர் மாட்டிக்கொண்டது குறுகிய ஓர் இடைவெளியில்.

'நிறுவு' என்றால் என்ன

நிறுவு என்று நாம் சொல்லும்போது மனதில் இருப்பது சேர்ப்பது. அலமாரியில் இன்னொரு புத்தகம் வைப்பது போல. ஆப்டுக்கு அது அப்படி இல்லை. அதைப் பொறுத்தவரை 'ஸ்டீமை நிறுவு' என்பது ஒரு நிபந்தனை: எல்லாம் முடிந்தபின் ஸ்டீம் இருக்க வேண்டும், எந்தச் சார்பும் (ஒரு பேக்கேஜ் இன்னொன்றை நம்பியிருப்பது) உடைந்திருக்கக் கூடாது. அந்த நிலைக்குப் போகச் சேர்க்கலாம், மேம்படுத்தலாம், நீக்கவும் செய்யலாம். நீக்குவதும் அதன் கையில் உள்ள காய்நகர்த்தல்களில் ஒன்று.

சிக்கல் வந்தால் எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவு செய்ய ஆப்டின் பழைய தீர்வுப் பகுதி ஒவ்வொரு பேக்கேஜுக்கும் மதிப்பெண் போடுகிறது. அதன் மூல நிரலில் இரண்டு எண்கள் இருக்கின்றன. பயனர் வாய்விட்டுக் கேட்ட பேக்கேஜுக்குக் கூடுதலாக 10000. இன்றியமையாதது என்று முத்திரை குத்தப்பட்ட பேக்கேஜுக்குக் கூடுதலாக 5000. இவை மாற்றக்கூடிய இயல்பு மதிப்புகள், ஆனால் யார் மாற்றப் போகிறார்கள்? பயனர் கேட்டதை எல்லாவற்றுக்கும் மேலே வை என்ற பணிவு அந்த எண்ணில் இருக்கிறது. லைனஸ் ஸ்டீமைக் கேட்டார். ஸ்டீம் வரிசையின் முன்னால் போய் நின்றது, டெஸ்க்டாப் பின்னால்.

அந்த எண்களைப் பார்த்த இடத்தில்தான் நான் கட்சி மாறினேன். 'நான் சொன்னபடி செய்' என்ற வாசகம் ஏதோ கேலியாக எழுதப்பட்டது என்று நினைத்திருந்தேன். கருவியின் உள்ளே இருக்கும் கொள்கையே அதுதான்.

இன்றியமையாதது என்ற முத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. டெபியன் கொள்கைப்படி அந்த முத்திரை பாஷ், கோர்யூட்டில்ஸ், டிபிகேஜி, டார், செட், கிரெப் போன்ற மிகச் சில அடிப்படைக் கருவிகளுக்குத்தான். டெஸ்க்டாப்புக்குக் கிடையாது. சிஸ்டம்76 தன் பாப் டெஸ்க்டாப் பேக்கேஜுக்கு அதைக் குத்தியிருந்தது, யாரும் தவறுதலாகக் கழற்றிவிடக் கூடாது என்பதற்காக. அந்த முன்யோசனை இல்லாவிட்டால் ஆச்சரியக்குறி வாசகம் எட்டிப்பார்த்திருக்கவே செய்யாது. ஆம் என்பதைக் குறிக்கும் 'ஒய்' என்ற வெறும் ஒரு எழுத்தோடு டெஸ்க்டாப் போயிருக்கும். இன்றும் உபுண்டு டெஸ்க்டாப்பில் 'சுடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3' என்று கொடுத்து, நீக்கப்படப் போவதாக வரும் பட்டியலைப் பாருங்கள். பார்த்துவிட்டு, வேண்டாம் என்பதற்கான 'என்' அழுத்துங்கள். நிரல்மொழியான பைத்தானின் புதிய பதிப்பைப் போட்டாயிற்று, பழையது எதற்கு என்று நினைத்து 'ஒய்' அழுத்தியவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள்.

ஏன் படிக்கவில்லை

வங்கியில் கடன் படிவம் கொடுத்து, பென்சிலால் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். எத்தனை பேர் படித்துவிட்டுப் போடுகிறோம்? முப்பதாவது கையெழுத்து போடும்போது அதில் வீட்டையே எழுதி வாங்கினாலும் கை நிற்காது. ஆப்டின் திரையும் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது. எந்தச் சின்ன நிரலை நிறுவினாலும் இருபது பெயர்கள் ஓடும், 'தொடரவா' என்று கேட்கும், 'ஒய்' தட்டுவோம், எல்லாம் நலமாக முடியும். ஆயிரம் முறை நலமாக முடிந்த ஒன்றை ஆயிரத்து ஒன்றாவது முறை உன்னிப்பாகப் படிக்க மனிதனால் முடியாது. புதிதாக வந்தவருக்கோ இன்னொரு சங்கடம். லினக்ஸில் டெர்மினல் என்றாலே மிரட்டலாகத்தான் பேசும் என்று கேள்விப்பட்டு வந்திருப்பார். ஆகவே இந்த மிரட்டலும் வழக்கமானதுதான் என்று நினைத்துவிடுவார்.

கடையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். பாப் ஷாப் நிறுவ மறுத்தது, அதுவரை சரியே. ஆனால் 'ஸ்டீமை நிறுவினால் உங்கள் டெஸ்க்டாப் போய்விடும், அதனால் நிறுத்திவிட்டேன்' என்று புரியும்படி சொல்லியிருந்தால் அவர் டெர்மினல் பக்கமே வந்திருக்க மாட்டார். கடை சொன்னதிலிருந்து அவர் புரிந்துகொண்டது, கடை பழுது என்பது மட்டும்தான். பழுதான கடையை விட்டுவிட்டு மொத்த வியாபாரியிடம் போனார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கேள்வி கேட்காதே, எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று எடுத்துக்கொள் என்று சொல்லும் 'ஹைஃபன் ஒய்' தெரிவைச் சேர்த்து அதே கட்டளையைக் கொடுத்திருந்தால் டெஸ்க்டாப் தப்பித்திருக்கும். அந்தத் தெரிவோடு இன்றியமையாத பேக்கேஜ்களை நீக்கும் நிலை வந்தால் ஆப்ட் பிழை சொல்லி நின்றுவிடும். சோம்பேறிக்குப் பாதுகாப்பு இருந்தது. கவனமாக உட்கார்ந்து வாசகத்தைத் தட்டச்சு செய்தவருக்கு இல்லை.

என்ன மாறியது

அதே நவம்பரில் ஆப்ட் 2.3.12 வந்தது. அதில், இன்றியமையாத பேக்கேஜ்களை நீக்கும் நிலை வந்தால் வாசகம் எதையும் கேட்பதில்லை. கணினிக்கு இன்றியமையாத பேக்கேஜ்களை நீக்க அனுமதி இல்லை, இது கணினியைச் சீர்குலைக்கலாம் என்று சொல்லிவிட்டு வேலையை நிறுத்திவிடுகிறது. உண்மையிலேயே நீக்கித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் 'அலவ் ரிமூவ் எசென்ஷியல்' என்ற தெரிவைக் கட்டளையிலேயே எழுதித் தர வேண்டும். சிஸ்டம்76 நிறுவனமும் பாப் ஓஎஸ்ஸில் தரும் ஆப்டைத் தன் பங்குக்குத் திருத்தியது.

வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். முன்பு பதில், கேள்வி வந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. இதைத் தட்டச்சு செய் என்று கருவியே சொன்னது, இவர் செய்தார். இப்போது வழியை ஆவணத்தில் தேடி, கட்டளையைத் திரும்ப முதலிலிருந்து எழுத வேண்டும். அந்தத் தேடும் நேரத்தில் புத்தி வந்துவிடும்.

பின்னர் 2024 ஏப்ரலில் தொடங்கிய 2.9 வரிசையில் திரை அமைப்பையும் மாற்றினார்கள். பெயர்கள் வரிசை வரிசையாகப் பிரித்துக் காட்டப்படுகின்றன. நிறுவப்படுபவை பச்சையில், நீக்கப்படுபவை சிவப்பில், அதுவும் பட்டியலின் கடைசியில், கேள்விக்கு மிக அருகில். 2025 ஏப்ரலில் வெளியான 3.0 பதிப்பில் இது நிலைபெற்றது. 1998இல் பிறந்த கருவிக்கு நிறம் வர இத்தனை ஆண்டு ஆனதே என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

லினக்ஸின் மற்றக் குடும்பங்களில் இது முன்பே வேறு மாதிரி இருந்தது. ஃபெடோராவில் ஆப்டின் வேலையைச் செய்யும் டிஎன்எஃப்பில் பாதுகாக்கப்பட்ட பேக்கேஜ்களின் பட்டியல் உண்டு. டிஎன்எஃப்பையோ, கணினியைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியையோ நீக்கச் சொன்னால் முடியாது என்று நேராகச் சொல்லிவிடும். ஆர்ச் லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் பேக்மேனில் அமைப்புக் கோப்பிலேயே 'ஹோல்ட்பேக்கேஜ்' என்று ஒரு வரி இருக்கிறது, பேக்மேனும் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியும் அதில் இருக்கும், நீக்கப் போனால் தனியாகக் கேட்கும். எனக்குப் பிடித்தது ஓப்பன்சூசே லினக்ஸின் சிப்பர் கருவி. சார்புச் சிக்கல் வந்தால் அது தானாக ஒரு தீர்வைத் தேர்ந்துகொண்டு வருவதில்லை. ஒன்று, இதை நீக்கலாம். இரண்டு, அதை நிறுவாமல் விடலாம். மூன்று, சார்பை உடைத்துவிட்டுப் போகலாம். எது வேண்டும் என்று எண் போட்டுக் கேட்கும். 'ஒய்' தட்டிப் பழகிய விரல் அங்கே நின்றாக வேண்டும்.

போனது திரும்புமா

திரும்பும். இந்தச் சம்பவத்தில் பலர் கவனிக்காமல் விட்டது இதுதான். டெஸ்க்டாப் போயிற்றே தவிர கோப்புகள் எதுவும் போகவில்லை. கர்னல் இருந்தது, பாஷ் இருந்தது, ஆப்டும் இருந்தது. கறுப்புத் திரையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், 'சுடோ ஆப்ட் அப்டேட்' கொடுத்துக் களஞ்சியப் பட்டியலைப் புதுப்பித்துவிட்டு, பாப் டெஸ்க்டாப்பைத் திரும்ப நிறுவச் சொல்லியிருக்கலாம். அது ஒரு மெட்டா பேக்கேஜ், தனக்குள் பெரிதாக எதுவும் வைத்துக்கொள்ளாமல் மற்றவற்றை இழுத்து வருவது. இணைய இணைப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான். வந்து இரண்டு நாள்கூட ஆகாத ஒருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வேறு விஷயம்.

எதெது போனது என்று தெரியாவிட்டால் 'வார்' அடைவில் 'லாக்', அதற்குள் 'ஆப்ட்', அங்கே 'ஹிஸ்டரி' என்ற பதிவுக் கோப்பு. எந்த நேரத்தில், எந்தக் கட்டளையால், எவையெல்லாம் நிறுவப்பட்டன, எவையெல்லாம் நீக்கப்பட்டன என்று வரி வரியாக இருக்கும். 'ரிமூவ்' என்று தொடங்கும் வரியை எடுத்து, அடைப்புக்குறிக்குள் உள்ள பதிப்பு எண்களையும் காற்புள்ளிகளையும் நீக்கிவிட்டு, மிஞ்சும் பெயர்களை அப்படியே நிறுவும் கட்டளைக்குக் கொடுத்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடலாம். டிஎன்எஃப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கைவேலைகூட இல்லை. 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ' என்று கொடுத்து அந்தப் பரிவர்த்தனையின் எண்ணைச் சொன்னால் போதும்.

நான் இப்போது செய்வது ஒன்றுதான். சந்தேகம் தரும் எதையும் நிறுவுமுன் 'ஹைஃபன் எஸ்' சேர்த்து ஓட்டிப் பார்க்கிறேன். அது ஒத்திகை. எதையும் தொடாமல், தொட்டால் என்ன செய்திருக்கும் என்று மட்டும் சொல்லும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நான்கு ஆங்கில எழுத்து இருக்கும். நிறுவப்படுவதற்கு 'இன்ஸ்ட்', அமைக்கப்படுவதற்கு 'கான்ஃப்', நீக்கப்படுவதற்கு 'ரெம்வ்'. கிரெப் வைத்து 'ரெம்வ்' வரிகளை மட்டும் வடிகட்டுவேன். நிறுவச் சொன்ன கட்டளையில் அப்படி ஒரு வரிகூட வரக் கூடாது. வந்தால் அது ஏன் என்று தெரியும்வரை கை வைப்பதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு பழைய வாசகம் உலகத்தை விட்டுப் போய்விடவில்லை. 2020இல் வந்த உபுண்டு 20.04இல் ஆப்ட் 2.0 வரிசை, 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11இல் 2.2 வரிசை. இரண்டுமே அந்தத் திருத்தத்துக்கு முந்தியவை, இரண்டுமே இன்னும் பல சர்வர்களில் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருப்பவை. 'ஆப்ட் வெர்ஷன்' பார்த்து 2.3.12க்குக் கீழே இருந்தால், அந்தக் கணினி இன்றும் அதே ஆச்சரியக்குறியோடு கேட்கும்.